நாகஜோதிக்கு இயற்பியல் ஊத்திக்கிச்சு

காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, நூற்றுப் பதினேழு குடங்கள் வரிசையில் காத்திருந்த தெருவில், கார்மேகம் மகள் நாகஜோதிக்கு இயற்பியல் ஊத்திக்கிச்சு. மே மாதம். பிளஸ் டூ முடிவு கைப்பேசியில் வந்து விழுந்தது. மற்ற ஐந்து பாடத்திலும் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தவள் இயற்பியலில் மட்டும் தேறவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது, ஒன்பதாம் நாள் வரும் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் பொட்டலேந்தலின் பெண்கள் எல்லோரும் குடம் தள்ளும் வண்டிகளோடு அங்கேதான் நின்றிருந்தார்கள், நாகஜோதியும் அவர்களில் ஒருத்தியாக, ஒரு கை வண்டியின் பிடியிலும் ஒரு கை கைப்பேசியிலுமாக நின்றிருந்தாள்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள், முறைக்கு அத்தை, வாயில் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "என்னடி, வேலியில காஞ்ச ஓணான் மாதிரி நிக்கிற? பரீச்ச என்ன ஆச்சு?"

"ஊத்திக்கிச்சு அயித்த" என்றாள் நாகஜோதி.

தோற்றவர்கள் எல்லோரும் சொல்கிற சொல்தான். அன்று காலை அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அது சொல்லப்பட்டிருக்கும், சொல்லப்பட்ட இடத்தில் அம்மாக்கள் அழுதிருப்பார்கள், அப்பாக்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பார்கள், அதோடு அந்தச் சொல்லின் வேலை முடிந்திருக்கும். பொட்டலேந்தலில் முடியவில்லை. நாகஜோதியின் இரண்டு பாதங்களுக்கும் நடுவே, ஒரு வளையல் அளவுக்குத் தரை திறந்தது, அதிலிருந்து தண்ணீர் எழும்பி அவள் முழங்கால் உயரத்துக்கு வந்து, குடை மாதிரி விரிந்து, ஊற்றியது.

அவள் நகர்ந்தாள். தண்ணீர் நகரவில்லை.

பேச்சியம்மாள் முதலில் செய்த காரியம் தன் குடத்தைக் கீழே வைத்ததுதான். இரண்டாவதாக ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இளநி மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாவதாக நடந்தது சண்டை. குழாய்க்காகப் போட்ட வரிசை இந்த ஊற்றுக்கும் செல்லுமா செல்லாதா என்று பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் ஒரு பக்கமும் நின்று கத்தினார்கள், குழாய் வேறு, இது வேறு, இங்கே யார் கிட்டத்தில் நின்றார்களோ அவர்களுக்குத்தான் முதல் உரிமை என்று ஒருத்தி சொல்ல, அப்படியானால் முதல் உரிமை நாகஜோதிக்குத்தானே என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் அவளைத் தேடியபோது அவள் வண்டியின் மறுபக்கம் உட்கார்ந்து முகத்தைப் பாவாடையில் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அவளை எழுப்பி, கண்ணைத் துடைத்து, அவளுடைய குடங்களை முதலில் நிரப்பிக் கொடுத்தார்கள். ஊர் அவளுக்குச் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான். அவரவர் குடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஏந்தல் என்றால் தண்ணீரை ஏந்திக்கொள்ளும் இடம். பொட்டலேந்தல் ஏந்திக்கொண்டது வெயிலையும் சீமைக்கருவேல மரத்தையும்தான். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை, போனாலும் இரண்டாம் மணி அடித்த பிறகு நனைந்த பாவாடையோடு போவார்கள், வாத்தியார்கள் ஏன் என்று கேட்பதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. இயற்பியல் பரீட்சை அன்று குழாயில் தண்ணீர் வந்தது. தாய் பஞ்சவர்ணம் காய்ச்சலில் கிடந்தாள். விடியும் முன்னே வண்டியைத் தள்ளத் தொடங்கிய நாகஜோதி, கடைசிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடி, பரீட்சை அறையின் கதவை அடைக்கப்போகும் நேரத்தில் உள்ளே நுழைந்து, பெயரை எழுதி, முதல் பக்கத்தை எழுதி, அதன்மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

அவளுக்கு நிலவியல் படிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஆழ்குழாய் போட இடம் பார்க்க ஒரு குழு வந்தது. அதில் பேன்ட் போட்ட ஒரு அம்மாள் தரையில் கம்பிகளை நட்டு, ஒரு பெட்டியில் முள் அசைவதைப் பார்த்து, பாறைவரை தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டு, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள். இல்லை என்று சொல்வதற்குக்கூட ஒரு படிப்பு இருக்கிறது என்பது நாகஜோதிக்கு அன்றுதான் தெரிந்தது. இருக்கிறது என்று சொல்ல அதைவிடக் கொஞ்சம் கூடப் படிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பல்கலைக்கழகத்துக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பம் போட்டிருந்தாள். தேறாதவர்களை அவர்கள் கூப்பிடுவதில்லை.

ஊற்று நிற்கவில்லை. ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. அதைச் சுற்றிச் சிமெண்ட் மேடை போட்டார்கள், மேடையில் செருப்புக்காலோடு ஏறக்கூடாது என்று எழுதினார்கள், பத்திரிகையில் உள்பக்கத்தில் 'திடீர் நீரூற்று' என்று நாலு வரி வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் தோற்ற பிள்ளைகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, மேடை ஓரமாக நிறுத்தி, எப்படி நின்றாள், எந்தப் பக்கம் பார்த்தாள் என்று கேட்டுக்கொண்டு போய், தங்கள் தெருவில் அதே மாதிரி நிற்கவைத்து, அதே சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அஞ்சு பாடத்திலும் போன ஒரு பையன் மூன்று நாள் வெயிலில் நின்று தொண்டை கட்டும்வரை "ஊத்திக்கிச்சு, ஊத்திக்கிச்சு" என்று கத்தினான். ஈரம்கூடத் தட்டவில்லை.

"அவனுக்குப் போனதுல வருத்தமே இல்லையே, பின்ன எங்கிட்டு ஊத்தும்?" என்றாள் பேச்சியம்மாள். அதை யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊராட்சித் தலைவர் சவுந்தரபாண்டியன் பேருந்து நிறுத்தத்தில் பிளக்ஸ் வைத்தார். நாகஜோதியின் பள்ளி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, அதைவிடப் பெரிதாகத் தன் படத்தைப் போட்டு, 'தேர்வில் தோற்று ஊருக்கு நீர் வார்த்த எங்கள் குலவிளக்கே' என்று எழுதியிருந்தார். கடைக்காரர் அவளிடம் சீயக்காய்க்குக் காசு வாங்கவில்லை. நல்ல வீடுகளிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள், எல்லாம் உள்ளூர் மாப்பிள்ளைகள், ஒரே நிபந்தனை, பெண் வெளியூர் போகக்கூடாது. பரீட்சை எழுதாதே என்று ஒருவர்கூட அவளிடம் சொல்லவில்லை. "என்னாத்தா அவசரம்?" என்று மட்டும் கேட்டார்கள். தெருவில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள், மாவு அரைக்கப் போன இடத்தில் கேட்டார்கள், கேட்டுவிட்டு அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள்.

ஜூலையில் துணைத்தேர்வு வந்தது. நாகஜோதி பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தெரு முழுக்கச் சின்னப் பெண்கள் இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி, காய்ந்த பாவாடையோடு, முதல் மணிக்கு முன்னால் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வண்டிகள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன, ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவள் பரீட்சை அறைக்குப் போனாள், வினாத்தாளைப் பார்த்தாள், முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை அவளுக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. பெயரையும் எண்ணையும் எழுதினாள். பேனாவை மூடினாள். மூன்று மணி நேரம் ஜன்னல் வழியே ஒரு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள்.

முடிவு வந்த அன்று அவள் சொல்லைச் சொல்லக்கூட இல்லை. ஊற்று முழங்காலிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. ஊர் பட்டாசு வெடித்தது. சவுந்தரபாண்டியன் பிளக்ஸில் 'மீண்டும்' என்ற சொல்லைச் சேர்க்க ஆள் அனுப்பினார்.

அன்று மதியம் பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து மகளைக் கூப்பிட்டாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. வண்டி தள்ளித் தள்ளித் தோள் ஒரு பக்கம் இறங்கிப் போன மனுஷி. மகளின் உள்ளங்கையை விரித்து அதில் கரண்டியிலிருந்து ஒரு பருப்பை வைத்தாள். அது கல் மாதிரி இருந்தது.

"காலையிலருந்து அடுப்புல கெடக்கு. வேகல. தண்ணியக் குடிச்சுப் பாரு."

நாகஜோதி குடித்தாள். உப்பு.

"தெரிஞ்சே எழுதாம வந்தியா?"

நாகஜோதி உள்ளங்கையில் இருந்த பருப்பைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல."

"உனக்காகத்தாம்மா. திரும்ப நீ வண்டி தள்ளணும்ல."

பஞ்சவர்ணம் கரண்டியைத் தரையில் போட்டாள். "எனக்காகவா? நான் தள்ளுனது நீ தள்ளாம இருக்கத்தாண்டி. நீ எனக்காகத் தோத்துப்புட்டு வந்து நின்னா, நான் தள்ளுன தள்ளெல்லாம் எந்தக் கணக்குல போகும்? சொல்லு. போ, இந்தப் பருப்ப நீயே தின்னு."

அவள் தின்றாள். கடைவாயில் கடித்து, பல் கூசக் கூச, எல்லாவற்றையும் தின்றாள்.

அதற்குள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அதே பருப்பு வேகாமல் கிடந்தது. சோப்பு நுரைக்கவில்லை. டீ உப்புக் கரித்தது. மாலையில் எல்லோரும் மேடையைச் சுற்றிக் கூடினார்கள், என்ன நடந்தது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சியம்மாள் மே மாதத்தில் சொன்னது இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. உண்மையில் தோற்றபோது நல்ல தண்ணீர். பொய்யாகத் தோற்றால் உப்புத் தண்ணீர். வேறு எந்த ஊராக இருந்தாலும் இதை ஆராய ஆள் வரவழைத்திருப்பார்கள். பொட்டலேந்தல் அடுத்து என்ன செய்வது என்று யோசித்தது.

சவுந்தரபாண்டியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆத்தா நாகஜோதி, படிக்க வேணாம்னு நாங்க சொல்லல. நல்லாப் படி. மனசாரப் படி. உசுரக் குடுத்து எழுது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனா மனசார ஃபெயிலாகு."

"ஏன் தலைவரே," என்றாள் பேச்சியம்மாள், "வர்ற எலெக்சன்ல நீங்க மனசார நின்னு மனசாரத் தோத்துப் பாருங்களேன். வைகையே இங்கிட்டுத் திரும்பிரும்."

சிரிப்பு அடங்கும்வரை நாகஜோதி காத்திருந்தாள். பிறகு மேடையில் ஏறினாள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

"மார்ச்சுல திரும்ப எழுதுவேன். பாஸாயிருவேன். பாஸானா இது நின்னு போகும். அதுக்குள்ள எம்புட்டு வேணுமோ அம்புட்டையும் பிடிச்சு வச்சுக்கங்க."

"எதுலத்தா பிடிக்க? அண்டாவுலயா?"

"ஊரணியில."

எல்லோரும் ஊரின் மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஊரணி என்று அங்கே ஒரு பள்ளம் இருந்தது. முன்பு குடிதண்ணீருக்கு வெட்டிய குளம். இப்போது கருவேலமும் உடைந்த பாட்டிலும் பையன்கள் கிரிக்கெட் ஆட ஒதுக்கிய கொஞ்ச இடமும். அதை ஆழப்படுத்தி, கரை கட்டி, தெருவிலிருந்து வாய்க்கால் வெட்டி நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பினால், இந்தப் பெண் தேறிவிடுவாள் என்று ஊரே ஒத்துக்கொண்டதாக ஆகும். அதனால் அன்று எல்லோரும் அடுப்பைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கலைந்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் படிக்கத் தொடங்கினாள், தண்ணீர் அதைச் சொல்லத் தொடங்கியது.

முதல் பாடம் நிலைமின்னியல். அதை முடித்த வாரத்தில் சோப்பு லேசாக நுரைத்தது. மின்னோட்டவியல் முடிந்தபோது டீயின் கரிப்பு குறைந்தது. கடையில் கிளாஸை வாயில் வைத்த ஆட்கள், "ரெண்டாவது பாடம் முடிச்சிட்டா போலயே" என்று பேசிக்கொண்டார்கள், இயற்பியல் புத்தகத்தைத் தொட்டே பார்க்காத ஆட்கள்கூட எந்தப் பாடத்துக்குப் பின்னால் எந்தப் பாடம் வரும் என்று மனப்பாடமாகச் சொன்னார்கள், தண்ணீர் ஒரு நாள் கரித்தால் "என்னத்தா, நேத்து டிவி பாத்தியா?" என்று தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கேட்டார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக நாகஜோதி நாலு நாள் புத்தகத்தை மூடி வைத்தாள். மாறுதிசை மின்னோட்டம் பாதியில் நின்றது. கல்யாணப் பந்தியில் பாயசம் திரிந்துபோனது. மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்ள, பெண் வீட்டார் மணமேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு நாகஜோதியை உட்காரவைத்து, புத்தகத்தைக் கையில் கொடுத்து, "ஒரு பக்கமாவது படிச்சிரு தாயி" என்று கும்பிட்டார்கள். புரட்டாசித் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டவில்லை. சாமி வந்து ஆடியவர்கூட மெதுவாகத்தான் கத்தினார்.

சவுந்தரபாண்டியன் தன் பங்குக்கு ஒரு வாத்தியாரை ஏற்பாடு செய்தார். பேர் ஜெயசீலன். தாலுகா ஊரில் டுடோரியல் நடத்தியவன், அவனிடம் படித்து ஒருவரும் தேறியதில்லை என்ற நம்பிக்கையான தகவலின் பேரில்தான் அழைத்து வந்தார். நாகஜோதி எதைக் கேட்டாலும் ஜெயசீலன், "அது வராது, விடு" என்பான். ஒளியியலில் ஒரு கணக்கு, வராது. அணுக்கருவில் ஒரு வரைவிளக்கம், வராது. அவன் வராது என்று சொன்னதையெல்லாம் அவள் இரண்டு முறை படித்தாள்.

எட்டாவது பாடத்துக்குக் 'கதிர்வீச்சு மற்றும் பருப்பொருளின் இருமைப் பண்பு' என்று பெயர். நாகஜோதி அதில் ஒரு மாதம் கிடந்தாள். ஒளி அலையா துகளா என்றால் இரண்டும்தான் என்கிறது புத்தகம்; எப்படிப் பார்க்கிறோமோ அப்படி. அவளுக்கு அது மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமே புரிந்திருக்க வேண்டும், அவள் காலடியில் தோற்றது ஒன்று, கிடைத்தது ஒன்று, இரண்டும் ஒரே தண்ணீர்தான். ஆனாலும் கணக்குகள் பிடிபடவில்லை. பிடிபட்ட அன்று காலை பத்தரை மணிக்குப் பேச்சியம்மாள் கையில் குழம்புச் சட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி, என்ன பாடம் படிச்ச இன்னைக்கி?"

"பருப்பொருள் அயித்த."

"அதான பாத்தேன். பருப்பு வெந்துருச்சு."

சட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஊரணியில் இறங்கினாள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கவே முதல் வெட்டு வெட்டினாள்.

அடுத்து இறங்கியது கார்மேகம். நாகஜோதியின் அப்பா, கரிமூட்டத் தொழிலாளி, மகள் தோற்றதற்கும் ஒன்றும் சொல்லாதவர், ஊரே கொண்டாடியபோதும் ஒன்றும் சொல்லாதவர், அரிவாளோடு போய் ஊரணிக்குள் இருந்த கருவேல மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்தார். அவர் சாய்க்கச் சாய்க்க, நூறு நாள் வேலைக்குப் போய்க் குளம் வெட்டிப் பழகிய பெண்கள் தூரைத் தோண்டினார்கள். மண்ணை யாரும் சொல்லாமலே கரையில் கொட்டினார்கள், கரை உயர்ந்தது, உயர்ந்த கரையில் நின்று பார்த்தால் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று தெரிந்தது. வெட்ட வந்தவர்கள் அவள் தேறுவாள் என்றவர்கள். வராதவர்கள் தேறமாட்டாள் என்றவர்கள். ஒரே வீட்டில் மாமியார் வெட்டினாள், மருமகள் வீட்டில் இருந்தாள். அடுத்த வாரம் மாமியாருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, மருமகள் வெட்டினாள், மாமியார் நம்பிக்கையை அவளிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னாள். தேறமாட்டாள் என்றவர்கள் வாரம் ஒரு வீடாகக் குறைந்தார்கள். பொங்கல் முடிந்து வாய்க்காலைத் திறந்துவிட்டபோது தண்ணீர் இளநீராக இருந்தது. ஊரணியின் அடி நனைந்தது, பிறகு முதல் படி முழுகியது, பிறகு பையன்கள் ஸ்டம்பு நடும் இடம் முழுகியது, அவர்கள் அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சவுந்தரபாண்டியன் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்காலில் ஏற்கெனவே ஒழுங்காக இருந்த ஒரு மூலையில் இரண்டு சட்டி மண்ணை அள்ளினார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. பேச்சியம்மாள் மட்டும், "மெதுவா தலைவரே, இடுப்புல பிடிச்சிரப் போகுது" என்றாள்.

அன்று மதியம் பஞ்சவர்ணம் சுவரோரம் கவிழ்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்தினாள். கோழியைத் துரத்தினாள். அச்சில் எண்ணெய் விட்டு, வெறும் வண்டியைத் தெருவில் ஒரு நடை தள்ளிப் பார்த்தாள். சக்கரம் கீச்சென்றது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். ஜன்னலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா பண்ற?"

"என் வேலைய நான் பாக்குறேன். ஒன் வேலைய நீ பாரு."

அந்த வருடம் இயற்பியல் வினாத்தாளில் ஜெயசீலன் வராது என்றவற்றில் ஏழு வந்தன.

முடிவு மே மாதத்தில் வந்தது. ஊர் முழுவதும் மேடையைச் சுற்றி நின்றது. நாகஜோதி போன வருடம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு எதிரே, கைப்பேசியோடு நின்றாள். அவளுக்கு இது மூன்றாவது முறை, இந்தத் தடவை தோற்றால் நல்ல தண்ணீராகத்தான் வரும், ஊர் அழாது, அவள் மட்டும் அழுவாள், அது அவளுக்குத் தெரியும். தேறினால் அம்மா தள்ளுவாள், அதுவும் தெரியும். செய்தி வந்த ஒலி கேட்டது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் பேச்சியம்மாள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, போன வருடம் கேட்ட அதே குரலில்.

"பாஸு அயித்த. தொண்ணூத்தி நாலு."

தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு, கணுக்காலிலிருந்து ஒரு கொப்புளமாகி, அந்தக் கொப்புளமும் உடைந்து, வளையல் அளவுத் துளை மூடிக்கொண்டது. ஊற்றின் சத்தத்தோடு ஒரு வருடம் பேசிப் பழகிய ஊர், அது நின்றதும், எவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்று அறிந்து வாயை மூடியது. அந்த அமைதியில் மேற்கே ஊரணியில் தண்ணீர் கரையில் தட்டுகிற ஒலி கேட்டது. கடைசிப் படிக்கு ஒரு படி கீழே நின்றது தண்ணீர்.

முதலில் குலவையிட்டது பஞ்சவர்ணம். அதிகம் பேசாத அந்த வாயிலிருந்து அப்படி ஒரு குலவை வரும் என்று கார்மேகத்துக்கே தெரியாது. பிறகு பேச்சியம்மாள். பிறகு எல்லாப் பெண்களும். மழை வந்தபோது குலவையிட்ட ஊர்கள் உண்டு. தண்ணீர் நின்றதற்குக் குலவையிட்ட ஊர் அது ஒன்றுதான். கார்மேகம் மகளின் அருகே வந்து, கரி படிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அவள் தலையில் வைத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "தொண்ணூத்தி நாலா?" என்றார். "ஆமாப்பா." "ம்" என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு.

சவுந்தரபாண்டியன் பிளக்ஸை மாற்ற ஆள் அனுப்பினார். 'தோற்று' என்ற இடத்தில் 'வென்று' என்று ஒட்டினார்கள், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தியது.

நாகஜோதி மறுபடி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். கலந்தாய்வுக்குப் பஞ்சவர்ணத்தோடு போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "ஒரு வருஷம் இடைவெளி இருக்கே, என்னம்மா பண்ணுனீங்க?" என்றார்.

"ஊரணி நிரப்புனோம் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதால?"

நாகஜோதி யோசித்தாள். "ஃபெயிலானதால சார்" என்றாள்.

அவர் 'சொந்தக் காரணம்' என்று எழுதி, நிலவியலில் இடம் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் பஞ்சவர்ணம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வண்டியை இனி என்ன செய்வது என்று யோசித்தாள். ஊரணி தெருவிலிருந்து இருநூறு அடிதான், இடுப்பில் ஒரு குடம் போதும். கோழிக்கே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

விடுதியில் முதல் பருவத்தில் கனிமவியல் ஒரு தாள் போனது. அறைத்தோழி, "என்ன ஆச்சு?" என்று கேட்க, நாகஜோதி பழக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள், மூன்றாம் மாடிக் குளியலறையில் வருடக்கணக்காகக் காற்று மட்டும் வந்த குழாயில் தண்ணீர் வந்தது. வார்டன் பிளம்பரைப் பாராட்டினார். அடுத்த பருவத்தில் அந்தத் தாளை எழுதித் தேறினாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் 'அரியர்' என்றுதான் சொன்னாள்.

பொட்டலேந்தலில் மழை வந்த வருடமும் வராத வருடமும் ஊரணி வற்றவில்லை. அதன் ஊறலில் தெருக் கிணறுகளில் நீர் ஏறியது. அதற்கான காரணத்தை நாகஜோதி விடுமுறையில் வந்து, தரையில் கம்பிகளை நட்டு, முள்ளைப் பார்த்து, ஊருக்குச் சொன்னாள். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேருக்கு அடுப்பில் பருப்பு இருந்தது.

2029ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி காலை ஒன்பதே முக்கால் மணிக்குப் பிளஸ் டூ முடிவு வெளியானது. பொட்டலேந்தலில் தேர்வு எழுதிய பதினொரு பெண்களும் தேறினார்கள். அப்போது தெருவில் ஒரு குடம்கூட வரிசையில் இல்லை.